"பையன்தானே... தானா கத்துப்பான்!" - தம்பிக்கு பைக் கற்றுக்கொடுத்த 6 ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணாக இருந்தால் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள். பையனாக இருந்தால் சாவியைக் கொடுப்பார்கள்.

எனக்கு அப்பா கற்றுக்கொடுத்தார். 18 வயது முடிந்ததும் எல்.எல்.ஆர் போட்டு, பள்ளிக்கூட மைதானத்தில் வைத்து, பின்னாலேயே ஓடிவந்து கற்றுக்கொடுத்தார். 'ஓரமா போ', 'மெதுவா போ', 'பஸ் வருது, நிறுத்திடு' என்று அவர் சொன்னதெல்லாம் இன்றைக்கும் ஜி.எஸ்.டி சாலையில் போகும்போது காதுக்குள் கேட்கும். ஆனால், என்னோடு படித்த பையன்களிடம் 'உனக்கு யாருடா வண்டி கத்துக்கொடுத்தது?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. அப்பா மதியம் தூங்கும்போது எடுத்தது, மாமா வண்டியைக் கழுவக் கொடுத்தபோது அடித்த ஒரு ரவுண்டு, டியூஷன் முடிந்து நண்பன் கொடுத்த ஐந்து நிமிடம். இப்படித்தான் எல்லோரும் 'தானா' கற்றுக்கொள்கிறார்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவும் அந்தக் கட்சிதான். "பையன்தானே பாப்பா... நான் யார்கிட்ட கத்துக்கிட்டேன்? தானா வந்துடும்" என்பார். சித்தி மகன், அதாவது என் தம்பி, பத்தாவது முடித்தபோதே டியூஷனுக்கு மொபட்டைக் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தார். அப்போது வீட்டில் நான் போட்ட சண்டை கொஞ்ச நஞ்சமல்ல.

"16 வயசுலயே ஓட்டலாம்னு சட்டம் இருக்குல்ல? மொபட்தானே?" என்றார் சித்தப்பா.

இது அவர் ஒருவருக்கு மட்டும் இருக்கும் குழப்பமில்லை. 16 வயதில் பெற்றோர் சம்மதத்தோடு லைசென்ஸ் வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனால், அது 50 சிசி-க்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்கு. வீட்டு வாசலில் நின்ற எக்ஸ்.எல் 100-ன் இன்ஜின் 99.7 சிசி. ஊரில் பலர் அதை இன்னமும் 'டி.வி.எஸ் ஃபிஃப்டி' என்று சொல்கிறார்கள். பெயரில் இருக்கும் ஐம்பது, இன்ஜினில் இல்லை. இன்றைக்கு ஷோரூமில் போய் 50 சிசி பெட்ரோல் வண்டி கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார். ஆக, நடைமுறையில் 18 வயதுதான் கணக்கு.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிச் சிக்கினால், குற்றவாளி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. இதையெல்லாம் சொன்னபோது சித்தப்பா அசையவில்லை. "எல்லா வீட்டுப் பிள்ளையும்தான் ஓட்டுது" என்றார். "மாட்டினா 25 வயசு வரைக்கும் அவனுக்கு லைசென்ஸே கிடையாது சித்தப்பா" என்று சொன்னபோதுதான் பேப்பரை மடித்து வைத்தார். தன் தண்டனையைவிட, பையன் 25 வயது வரை பஸ்ஸில் போவான் என்பது அவரைத் தொட்டுவிட்டது! மொபட் சாவி பீரோவுக்குள் போனது. தம்பி என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

என் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். டிஜிட்டல் டெஸ்க்கில் காலை ஷிஃப்ட்டில் உட்கார்ந்தால், மாவட்டங்களிலிருந்து வரும் செய்திகளைத் திருத்திப் பதிவேற்றுவதுதான் முதல் வேலை. 'பைக் மீது லாரி மோதல்', 'கல்லூரி மாணவர் பலி', 'நண்பர் படுகாயம்'. ஊர்ப் பெயரும் வயதும்தான் மாறும். வயது பெரும்பாலும் என் தம்பியின் வயதை ஒட்டியே இருக்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள் மட்டும் 74,897. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

எண்களைவிட என்னைத் தொந்தரவு செய்வது ஊர் முக்குகளில் நிற்கும் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்கள்தான். இளைஞர் என்றால், அதில் இருக்கும் படத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கூலிங் கிளாஸ் போட்டு, பைக் மீது சாய்ந்து எடுத்த படமாக இருக்கும். அந்த வயதுப் பையன் ஆசையாக எடுத்து வைத்திருக்கும் நல்ல படம் அதுவாகத்தான் இருக்கிறது. தம்பியோடு பள்ளியில் படித்த பையன் ஒருவனுக்கும் அப்படி ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 17 வயது. ஒரே பைக்கில் மூன்று பேர். தம்பி அந்தச் சாலை வழியாகத்தான் தினமும் ஸ்கூல் பஸ்ஸில் போய்வந்தான். அதன்பிறகு மொபட் சாவியைப் பற்றி அவன் கேட்கவில்லை.

ப்ளஸ் டூ முடித்து, ஜூனில் அவனுக்கு 18 ஆனது. கல்லூரி 20 கிலோமீட்டர் தூரம். அந்தச் சமயம் எனக்கு இரண்டு மாதம் வீட்டிலிருந்தே வேலை என்பதால் ஊரில் இருந்தேன். எல்.எல்.ஆர் வந்த அன்றைக்கே அவன் வந்து நின்றான். "அக்கா, நீயே கத்துக்கொடு. அப்பா சாவியைக் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிடுவாரு."

வண்டி, என் அப்பாவின் 2011 மாடல் ஸ்ப்ளெண்டர். இடம், ஊருக்கு வெளியே உள்ள பெரிய களம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை இன்ஜினையே போடவில்லை. வண்டியைத் தள்ளச் சொன்னேன். களத்தை நாலு சுற்று. சென்டர் ஸ்டாண்ட் போடு, எடு. இடது பக்கம் சாய்த்துப் பிடி, வலது பக்கம் சாய்த்துப் பிடி. "இதெல்லாம் எதுக்குக்கா?" என்று சலித்துக்கொண்டான். 100 கிலோவுக்கு மேல் இருக்கும் ஒரு பொருள், எந்தக் கோணத்துக்கு மேல் சாய்ந்தால் கைக்கு அடங்காது என்பது உடம்புக்குத் தெரிய வேண்டும். அதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. சைடு ஸ்டாண்டை மடக்காமல் கிளம்புவது பழைய வண்டிகளில் பெரிய ஆபத்து. இப்போது வரும் பல வண்டிகளில் ஸ்டாண்ட் கீழே இருந்தால் இன்ஜின் அணைந்துவிடும். அப்பா வண்டியில் அது கிடையாது. இடது பக்கம் திரும்பும்போது ஸ்டாண்ட் தரையில் மோதினால் வண்டி நம்மைத் தூக்கி வீசும்.

இரண்டாவது வாரம் முழுக்க பிரேக். கிளட்ச், கியரெல்லாம் இரண்டு மணி நேரத்தில் அவனுக்கு வந்துவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லோருக்கும் வந்துவிடும். பிரேக்தான் யாரும் கற்றுக்கொடுக்காதது.

"முன் பிரேக் புடிக்கக் கூடாதுக்கா, தூக்கி அடிச்சிடும்" என்றான். யார் சொன்னது என்றால், "எல்லாரும் சொல்வாங்க." எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம்? முன்பக்கம். பைக்கிலும் அதேதான். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடையும் நம் எடையும் முன்சக்கரத்தின் மீது இறங்குகின்றன. அந்தச் சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்கிறது. பின்சக்கரமோ லேசாகிவிடுகிறது. அதை மட்டும் மிதித்தால் வழுக்கிக்கொண்டு போகும். நேரான, காய்ந்த சாலையில் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். தூக்கி அடிப்பது எப்போது? மணலில், வளைவில், அல்லது பயந்துபோய் ஒரேயடியாகச் சுண்டிப் பிடிக்கும்போது.

களத்தில் ஒரு தென்னை மட்டையைப் போட்டோம். முதலில் நான் 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, மட்டையைத் தாண்டும் நொடியில் பின் பிரேக்கை மட்டும் மிதித்தேன். தம்பி காலடியால் அளந்தான். 14 அடி வைத்தான். அடுத்து இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெள்ள அழுத்திப் பிடித்தேன். எட்டரை. அவன் நம்பாமல் மறுபடி அளந்தான். பிறகு அவனே ஓட்டி, அவனே அளந்து, மதியச் சாப்பாட்டுக்குச் சித்தி இரண்டு முறை போன் செய்யும்வரை அதையே செய்துகொண்டிருந்தோம்.

2019 ஏப்ரலிலிருந்து விற்கும் புது வண்டிகளில் 125 சிசி-க்கு மேல் என்றால் ஏ.பி.எஸ், அதற்குக் கீழே என்றால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து இயக்கும் சி.பி.எஸ் அல்லது ஏ.பி.எஸ் கட்டாயம். ஆனால், வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுவது புது வண்டி அல்லவே. அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, டயர் தேய்ந்த பழைய வண்டிதான் 'கத்துக்கற வரைக்கும் இது போதும்' என்று வரும். தெரியாதவன் கையில்தான் உதவி எதுவும் இல்லாத வண்டி போய்ச் சேருகிறது. அதனால் அந்த வாரமே இரண்டு டயரையும் பிரேக் ஷூவையும் மாற்றினோம். செலவு என்னுடையது என்றதால் சித்தப்பா மறுக்கவில்லை.

ஒரு கணக்கையும் அவனுக்குக் காட்டினேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. எதிரே ஆடு வருவதைக் கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி ஆகிவிடும். பிரேக்கே பிடிக்காமல் ஏறக்குறைய ஒன்றரை பஸ் நீளம் போயிருப்போம். பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரமோ, வேகம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகிறது. ப்ளஸ் டூ-வில் இயற்பியல் படித்தவன் என்பதால் அவனே நோட்டில் போட்டுப் பார்த்தான். "இதைப் புக்குல படிச்சிருக்கேன்க்கா, வண்டிக்குன்னு தெரியாது" என்றான்.

மூன்றாவது வாரம் 'எட்டு'. ஆர்.டி.ஓ ஆபீஸில் எட்டு போட்டுக் காட்டினால்தான் லைசென்ஸ் என்பதால், தம்பி இதை மட்டும்தான் பரீட்சை என்று நினைத்தான். எட்டு மெதுவான வேகத்தில் பேலன்ஸைச் சோதிக்கும், அவ்வளவே. ஆனால், அதில் ஒரு நல்ல பாடம் உண்டு. முன்சக்கரத்தைப் பார்த்து ஓட்டினால் கால் ஊன்ற வேண்டிவரும். அடுத்துத் திரும்ப வேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி தானாக அங்கே போகும். சாலையில் பள்ளத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டு போனால் சரியாகப் பள்ளத்தில் இறங்குவது இதனால்தான்.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. ஹெல்மெட் வாங்கினோம். ஐ.எஸ்.ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் 2021 ஜூனிலிருந்து கூடாது. ஆனாலும் சாலையோரம் தொங்குவதையெல்லாம் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடையில் தம்பிக்கு டிசைன் பிடித்திருந்தால் சைஸ் பெரிது. "லூஸா இருந்தா காத்து வரும்க்கா" என்றான். பட்டையை மாட்டி, பின்பக்கத்திலிருந்து முன்னால் தள்ளிப் பார்த்தேன். கழன்று கையோடு வந்தது. விழும்போதும் இப்படித்தான் வரும். கன்னத்தை லேசாக அழுத்துகிற அளவில், பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் போகாத மாதிரி ஒன்றை எடுத்தோம். சாதாரணக் கறுப்பு. கூடவே இன்னொன்றும் வாங்கினேன்.

"அது யாருக்கு?"

"பின்னாடி உட்கார்றவங்களுக்கு."

2022-ல் ஹெல்மெட் போடாமல் இறந்ததாக அதே அமைச்சக அறிக்கை சொல்லும் 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். அதில் எத்தனை பேர் அம்மாக்கள், அக்காக்கள் என்று அறிக்கையில் தனியாக இல்லை. நம் சாலையில் பின் சீட்டைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.

திரும்பி வரும் வழியில் தம்பி ஒன்று சொன்னான். "அப்பா கடைத்தெரு செக்கிங் வரைக்கும்தான் ஹெல்மெட் போடுவாரு. பாலம் தாண்டினதும் கழட்டி டேங்க் மேல வச்சிடுவாரு. சின்ன வயசுல அதுல தாளம் போட்டுக்கிட்டே வருவேன்."

அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நான் ஏதோ மூன்று வாரமாகக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவனோ மூன்று வயதில் பெட்ரோல் டேங்க் மீது உட்கார்ந்த நாளிலிருந்து பாடம் படித்து வந்திருக்கிறான். எந்த இடத்தில் போலீஸ் நிற்கும், எந்தச் சந்தில் ஒன்வேயில் புகுந்தால் மூன்று நிமிடம் மிச்சம், போனை எப்படித் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்குவது... எல்லாம் அந்த முன் சீட்டில் கற்றது. 'தானா கத்துப்பான்' என்று சித்தப்பா சொல்வது ஒருவகையில் சரிதான். கற்றுக்கொடுத்தது தான்தான் என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

(சின்னக் குழந்தைகளை இப்போது அப்படி டேங்க்கில் உட்காரவைக்கும் பெற்றோர்களுக்கு ஒரு தகவல்: 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. 4 வயதுக்கு மேல் என்றால் பெரியவர்களைப் போலவே ஹெல்மெட் கட்டாயம்.)

நான்காவது, ஐந்தாவது வாரங்களில் எல் போர்டு மாட்டிக்கொண்டு சாலைக்கு வந்தோம். அவன் ஓட்ட, நான் பின்னால். பழகுநர் உரிமத்தில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. களத்தின் ஓரம் காத்திருந்த அவன் நண்பர்கள் இரண்டு பேருக்கு அதில் பெரிய வருத்தம்.

எங்கள் பக்கத்துச் சாலைகளுக்கென்று சில பாடங்கள் உண்டு. எந்த டிரைவிங் ஸ்கூலிலும் சொல்ல மாட்டார்கள். கோடை அறுவடை நெல்லையும் எள்ளையும் பாதிச் சாலைக்குக் காயப்போட்டு, ஓரத்தில் கருங்கல் வரிசையாக வைத்திருப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள். கல் அங்கேயே கிடக்கும். இருட்டில் அது தெரியாது. வைக்கோல் ஏற்றிய டிராக்டரின் பின்விளக்கை வைக்கோலே மறைத்திருக்கும். கிளைச் சாலை வந்து சேரும் இடத்தில் டிப்பர் லாரி சிந்திய மணல், சரியாக நாம் திரும்பும் வளைவில் கிடக்கும். நின்றிருக்கும் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒருவர் ஓடிவருவார், வராமல் இருக்கவே மாட்டார். லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நம்மைத் தெரியவில்லை. மழையில் முதல் பத்து நிமிடம் ரொம்ப மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் அப்போதுதான் கரைந்து வழுக்கும். டீக்கடையில் ஒதுங்கி ஒரு டீ குடிக்கலாம். குடித்தோம்.

ஒவ்வொன்றையும் அவன் கண்டுபிடித்து முன்கூட்டியே சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது விளையாட்டு. "ஆடு!", "மணல்!", "ஸ்பீடு பிரேக்கர், பெயின்ட் இல்ல!", "ஸ்கூட்டர் அக்கா போன்ல பேசுறாங்க!" நான் பார்த்து அவன் பார்க்காதது என்றால் எனக்கு ஒரு பாயின்ட். முதல் நாள் 23-க்கு 6 என்று ஜெயித்தேன். கடைசியில் தோற்றேன்.

நடுவில் ஒரு சண்டையும் வந்தது. வண்டியை 'கொஞ்சம் லுக்கா' மாற்ற நினைத்தான். சைடு கண்ணாடியைக் கழற்ற வேண்டும், புடவை கார்டைக் கழற்ற வேண்டும். பின்சக்கரத்தில் பாதியாவது மறைகிற மாதிரி தடுப்பு இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்க இடமும் வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. விதியைச் சொன்னால் பையன்கள் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சித்தியைக் கூப்பிட்டு, புடவையோடு ஒரு பக்கமாக உட்காரச் சொன்னேன். முந்தானை எங்கே தொங்குகிறது என்று அவனையே பார்க்கச் சொன்னேன். சக்கரத்துக்கும் அதற்கும் நடுவே அந்தக் கம்பிதான் இருந்தது. ஸ்பேனரைக் கொண்டுபோய் வைத்துவிட்டான். கண்ணாடி விஷயத்தில் மட்டும் இன்னும் எனக்கு அவன் மீது முழு நம்பிக்கை வரவில்லை.

ஆறாவது ஞாயிறு நான் எதுவும் பேசுவதில்லை என்று ஒப்பந்தம். ஒரத்தநாடு வரை போய்த் திரும்பினோம். என் அப்பா எனக்குச் சொன்ன 'ஓரமா போ, மெதுவா போ' எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பயத்தை மட்டும் சொல்லிக்கொடுத்ததால்தான், எனக்கு முன் பிரேக் பிடிக்கவே சென்னை வந்து இரண்டு வருடம் ஆனது. பெண்களுக்குப் பயம், பையன்களுக்குச் சாவி. வண்டியைப் பற்றிய பாடம் இரண்டு பேருக்குமே கிடைப்பதில்லை. அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மறுவாரம் டெஸ்ட்டில் தம்பி பாஸ். இப்போது கல்லூரிக்கு பைக்கில்தான் போகிறான். தினமும் போய்ச் சேர்ந்ததும் 'ரீச்டு' என்று சித்திக்கு ஒரு மெசேஜ். சில நாள்கள் மறந்துவிடுவான், அன்றைக்குச் சித்தி எனக்கு போன் செய்வார். போன வாரம் சித்தப்பாவை உரக்கடைக்கு அழைத்துப் போகச் சொன்னபோது, அவர் ஹெல்மெட் மாட்டும்வரை வண்டியைக் கிளப்ப மாட்டேன் என்று வாசலிலேயே நின்றிருக்கிறான். "அப்பனுக்கே சட்டம் பேசுறான் பாப்பா, எல்லாம் நீ குடுத்த இடம்" என்று சித்தப்பா போனில் புலம்பினார். மாட்டிக்கொண்டுதான் போனாராம். தனியாகப் போகும்போது பாலத்தைத் தாண்டியதும் கழற்றுவது தொடர்கிறது என்று சித்தி சொன்னார்.

போனை வைப்பதற்கு முன்னால் சித்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "ஏம்மா, அந்த கியர் இல்லாத ஸ்கூட்டர்... 44 வயசுல ஓட்டக் கத்துக்க முடியுமா? ரேஷன் கடைக்கும் தையல் கிளாஸுக்கும் போறதுக்குத்தான். உன் சித்தப்பாகிட்ட இப்போ சொல்லாத."

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் லீவு கேட்டிருக்கிறேன். களம் காலியாகத்தான் இருக்கும். ஸ்கூட்டரைத் தம்பி அவன் நண்பன் வீட்டிலிருந்து வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறான். தென்னை மட்டை போடும் வேலையும் அவனுடையதுதானாம்.